சும்மா நின்றவனுக்கு

மைக்கின் வலைக்குள் ஊசியை விட்டு நோண்டினேன். ஓர் உமி வந்தது. உன் பேஸ் கிடாரைப் பதிவு செய்த மைக். உடனே உன்னைத் திட்ட வேண்டும் போலிருந்தது, அதனால் எழுதுகிறேன்.

நம் மெல்லிசைக் குழு பெருநகர் கிராமத்துத் திருவிழாவில் வாசித்த நாள் நினைவிருக்கிறதா? அன்று கிடைத்தது குழாய் ஸ்பீக்கர் மட்டும்தான். பாட்டு அடுத்த ஊர் வரை கேட்டது. குழாயில் கனத்த சுரம் வராது; உன் பேஸ் மட்டும் உனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், "அவன் இன்னாத்துக்கு நாலு கம்பி கட்டைய புடிச்சிக்கினு சும்மா நிக்கிறான்?" என்று கேட்டார். குழுவை நடத்திய மாஸ்டர் காதிலும் அது விழுந்தது. அடுத்த கச்சேரிக்கு நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பகலெல்லாம் பம்புசெட் மோட்டார் கழற்றி மாட்டும் உனக்கு அந்தக் கட்டைதான் உயிர். இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டிலேயே பதிவு செய்து அவருக்குப் போட்டுக்காட்டலாம் என்றேன். என்னிடம் டேப் ரிக்கார்டரும் இந்த மைக்கும் இருந்தன. கையிருப்புக்கு இன்னும் ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும். பாடுகிற எனக்கு எக்கோ மெஷின் மீது ஆசை. நீ பெரிய ஸ்பீக்கர் பெட்டிதான் என்று ஒற்றைக்காலில் நின்றாய்.

"எக்கோ வச்சா உன் தப்பு ரெண்டு வாட்டி கேக்கும். மொதல்ல பொட்டி."

உத்திரமேரூர் பஸ்ஸின் கூரையில் பெட்டி வந்து இறங்கியது. எங்கள் பின்னறையில் வைத்து நீ ஒரு கம்பியைத் தட்டியதும் பாத்திரமெல்லாம் கூடச் சேர்ந்து பாடின. டேப்பில் கேட்டால் அண்டாவுக்குள் இடி இடித்த மாதிரி இருந்தது. அறுவடை முடிந்த நேரம். கூடத்து நெல் மூட்டைகளை இழுத்துவந்து பெட்டியைச் சுற்றி அடுக்கினோம். நடுவே மைக். சத்தம் அடங்கி, ஒவ்வொரு சுரமும் தனியாக நின்றது. விதைநெல் இப்போதே முளைத்துவிடப் போகிறது என்று அம்மா சிரித்தார்கள். அந்த உமிதான் இன்று ஊசியில் வந்தது.

பாடுகிற மும்முரத்தில் நீ செய்த குறும்பு எனக்கே தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் வேண்டுமென்றே வாசிக்காமல் இருந்துவிட்டாய். மாஸ்டர் வந்து, வெற்றிலையை மென்றபடி அந்தப் பெட்டியில் அசிரத்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணம் வந்ததும் மெல்லுவது நின்றது.

"இன்னாபா ஆச்சி? பாட்டு தொபுக்குனு வுழுந்துடுச்சே."

"ஒண்ணுமில்ல மாஸ்டர். அங்க நான் சும்மா நின்னுக்கினு இருந்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் என் சட்டையெல்லாம் வெற்றிலைச்சாறு. அடுத்த கச்சேரிக்கு நம் பெட்டியும் போனது, நீயும் போனாய். அன்று எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட வரவில்லை. இதை என் மனைவிக்குச் சொல்லிவிடாதே.

இப்போது என் அறையில் கணினி, விதவிதமான மைக்குகள். எதை வாங்கப் போனாலும் "மொதல்ல பொட்டி" என்ற உன் குரல் கேட்கிறது. எக்கோ இன்றுவரை வாங்கவில்லை.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. நேற்று அந்த டேப்பைக் கணினியில் ஏற்றினேன். இரண்டாம் சரணத்தில் நீ நிறுத்துவாய் என்று தெரியும். தெரிந்தும் நெஞ்சு தொபுக்கென்று விழுந்தது. அடுத்த பல்லவியில் வந்துவிட்டாய். நீ எங்கும் போகவில்லை, கட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாய் என்றே வைத்துக்கொண்டேன்.