வடை கிடைக்கும் வாசல்

கிள்ளான்
12.3.1987

அன்பு மகள் ரமணிக்கு அம்மா எழுதுவது. நான் நலம். அப்பாவைப் பற்றியும் அப்படியே எழுதக் கை வரவில்லை.

நேற்றும் போய்விட்டார். துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் கேட் திறந்து கிடக்கிறது. எங்கே போவார், பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸில் நம் பழைய வீட்டுக்குத்தான். லோரி மோதித் தலையில் அடிபட்டதிலிருந்து புதிதாக எதுவும் அவர் மனதில் தங்குவதில்லை என்று டாக்டர் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. காலையில் சொன்னது மத்தியானம் இல்லை. ரயில்வே குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னமும் இது யார் வீடு என்று என்னைக் கேட்கிறார். பழைய வீட்டுக்குப் போகும் பஸ் மட்டும் மறக்கவில்லை.

முதலில் எப்போதாவதுதான் போனார். இப்போது தேத்தண்ணி நேரம் வந்தால் கால் தரிப்பதில்லை. அங்கே நம் பக்கத்து வீட்டு வீரம்மாக்கா, புண்ணியவதி, அவரை உட்காரவைத்து மசால் வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, நான் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டிருக்கிறாள். அவளும் ஜூன் மாதம் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சுங்கை வேயில் மகன் வீட்டுக்குப் போகிறாள். அதற்குப் பிறகு பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இவர் எங்கே போவார்? நேற்று பெரிய ரோட்டைத் தாண்டும்போது ஒரு டாக்சி உரசுவதுபோல் வந்து நின்றதாம். பஸ் கண்டக்டர் பாலன் சொன்னான். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேட்டைப் பூட்டியும் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்க்க முடியாமல் நானே திறந்துவிட்டேன்.

நீ மூளையைப் பற்றித்தானே படிக்கிறாய். வழி ஏதாவது இருந்தால் எழுது. லீவுக்கும் வராமல் இருந்துவிட்டாய். இளைத்துவிட்டாயா?

உன் அம்மா
இராஜம்மா

லீட்ஸ்
29.3.1987

அன்புள்ள அம்மா,

கடிதம் கிடைத்ததிலிருந்து அந்த டாக்சிதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்கள் லேபில் எலிகளைச் சந்து சந்தாகப் பிரிந்த பெட்டிக்குள் விடுகிறோம். எந்தச் சந்தின் கடைசியில் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கிறதோ அந்த வழி அவற்றுக்குப் படிந்துவிடுகிறது. நல்லது ஒன்று கிடைத்ததும் மூளையில் ஒரு ரசாயனம் சுரக்கிறது. சற்றுமுன் நடந்ததை அழியாமல் வைத்துக்கொள்ளச் சொல்வது அதுதான் என்று எங்கள் பேராசிரியர் நினைக்கிறார். அப்பாவைப் போல அடிபட்டவர்களால் நேற்று நடந்ததைச் சொல்ல முடியாது. ஆனாலும் பழக்கம் படியும். அது மூளையில் வேறு இடத்து வேலை.

கோபப்படாமல் படியுங்கள். பழைய ஞாபகத்தில்தான் அப்பா முதலில் போயிருப்பார். இப்போது தினமும் போகவைப்பது வீரம்மா அத்தையின் வடை. நீங்கள் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து கேட்டைத் திறந்ததும் என்ன நடக்கிறது? அழுகையும் திட்டும். அங்கே வடை, இங்கே வசவு. அவர் மூளை எந்த வாசலை வைத்துக்கொள்ளும்?

அத்தையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் வீட்டுக் கேட்டுக்குள் அவர் கால் வைத்த உடனே நீங்கள் கொடுங்கள். உட்காரவைத்து, கைகழுவச் சொல்லி, பிறகு கொடுத்தால் பிரயோசனமில்லை.

நான் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? பயமாக இருக்கிறது.

நான் இளைக்கவில்லை அம்மா. போன தடவையும் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே ஏன் இளைத்தாய், ஏன் கறுத்தாய், கல்யாணத்துக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள். லீவுக்கு வராததற்குப் பரீட்சை மட்டும் காரணமில்லை.

அன்புடன்
ரமணி

கிள்ளான்
20.4.1987

ரமணிக்கு,

எழுதியது கிடைத்தது. பெற்றவளுக்கு எலியை வைத்துப் பாடம் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டாய், சந்தோஷம். வசவு என்று எழுதியிருக்கிறாய். மனுஷன் உயிரோடு திரும்பிக் கிடைத்தாரே என்று உதறுகிற உதறலில் வாயில் வருவது அது. அங்கே உட்கார்ந்துகொண்டு உனக்கு அது எப்படித் தெரியும்?

வீரம்மாக்காவிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "வாசலுக்கு வந்த மனுசனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காம கதவ சாத்தச் சொல்றியா? என்னால ஆவாது லா, இராஜம்மா" என்றாள். அவள் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீ படிப்பை விட்டுவிட்டு வர வேண்டாம். என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இராஜம்மா

லீட்ஸ்
14.6.1987

அன்புள்ள அம்மா,

இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. எதிர்வீட்டு டெலிபோனுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜூன் வந்துவிட்டது, அத்தை போயிருப்பார். அப்பா பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பதுபோல் கனவு வருகிறது. தபால்காரன் வரும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

நான் எழுதிய விதம் தப்பென்றால் திட்டியாவது எழுதுங்கள். அப்பா இருக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள்.

ரமணி

கிள்ளான்
5.7.1987

என் கண்ணு ரமணிக்கு,

அப்பா இருக்கிறார். இதோ பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். எழுதாமல் உன்னைப் பதறவைத்துவிட்டேன். கோபத்தில் கொஞ்ச நாள் எழுதவில்லை. அப்புறம் எழுத நல்ல சேதி இல்லை.

நீ பயந்ததே நடந்தது. வீரம்மாக்கா காலி செய்த வாரம் அப்பா அங்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் நின்றிருக்கிறார். பாலன்தான் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட வந்தவரைப் பார்த்ததும் வசவு வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் எலி ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, காலையில் சுட்டு ஆறிப்போன வடையைக் கேட்டிலேயே அவர் கையில் வைத்தேன். தின்றுகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய் அழுதேன்.

விஷயம் கேட்டு வீரம்மாக்கா சுங்கை வேயிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். "கொடுக்காம இருக்க என்னால முடியாது. எங்க நின்னு கொடுக்கணும்னு சொல்லு, அங்க நிக்கிறேன்" என்றாள். சாயங்காலத்தில் நான் அவரைத் தாமான் வீட்டு வரிசைகளைச் சுற்றி நடத்திக் கூட்டிவருவேன். அவள் நம் கேட்டுக்கு உள்ளே தட்டோடு நிற்பாள். கால் உள்ளே வைத்ததும் வடை. பிறகு அவள் வருவதைக் குறைத்துக்கொண்டாள், நானே கொடுத்தேன். என் வடை அவள் வடைபோல் வராது, அது உனக்கே தெரியும். அவர் குறை சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை மறுபடியும் கேட் திறந்து கிடந்தது, அவரைக் காணோம். செருப்புக்கூடப் போடாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். பாலனின் பஸ் அப்போதுதான் வந்து நின்றது. அவர் ஏறவில்லை, இறங்கவும் இல்லை என்றான். கடைத்தெரு, பள்ளி, சாக்கடை ஓரம் எல்லாம் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போக அடையாளக் கார்டை எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன்.

நம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தன்னந்தனியாக நடந்து சுற்றிவிட்டு, தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

வடையைப் பற்றிக் கேட்டேன், தெரியவில்லை. வீரம்மாக்கா வந்து நின்றது தெரியவில்லை. இது யார் வீடு என்றேன், அதுவும் தெரியவில்லை. பிறகு ஏன் இங்கே வந்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியல. இங்க வந்தா நல்லாருக்கு" என்றார்.

பயம் எனக்கு இன்னும் போகவில்லை. கேட் சத்தம் கேட்டால் இப்போதும் அடுப்பை விட்டு ஓடிவந்து பார்க்கிறேன். ஆனால் அன்று கைநிறைய வடை கொடுத்தேன்.

படிப்பை முடித்துவிட்டு டிசம்பரில் வா. இளைத்தாயா, கறுத்தாயா, கல்யாணம் எப்போது என்று கேட்க மாட்டேன். பெட்டியைக் கூட நீ கீழே வைக்க வேண்டாம், நான் வடைத் தட்டோடு கேட்டிலேயே நிற்கிறேன்.

உன் அம்மா
இராஜம்மா