கிருமியின் மதகு

மாஸ்டர்,

இன்று காலை இறால் குளத்து மதகின் பலகையைத் தூக்கினேன். சேற்று வாடை முகத்தில் அடித்தது. என்னோடு கதைத்துவிட்டு இறங்கிக் கால் கழுவினீர்களே, சிப்பி கிழித்த அன்று, அன்றும் இதே வாடைதான். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

சின்னக் காயம். உங்களுக்கிருந்த சீனி வருத்தம், அந்த நீரிழிவு, அதை ஆறவிடவில்லை. கிருமி ஏறிப் பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டொக்டர். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். விஞ்ஞானம் படிப்பித்த மனிதர் செய்கிற வேலையா இது என்று எனக்கு ஆத்திரம். வாயும் கையும் இல்லாத கிருமி எப்படித் தின்னும் என்று கட்டிலருகே நின்று கேட்டேன், சீண்டத்தான்.

வலியோடு சிரித்தீர்கள். "உங்கட மதகு மாதிரித்தான், நானா," என்றீர்கள். மூத்தவன் என்று என்னை எப்போதும் நானா என்றுதான் கூப்பிடுவீர்கள்.

நாங்கள் குளத்து நீரை எஞ்சின் வைத்து வெளியே இறைப்போம். வெளியே களப்பில் கடல்நீர் ஏறி நிற்கும்போது பலகையைத் தூக்கினால் நீர் பாயும். இறால் குஞ்சும் அதோடு உள்ளே வரும். கிருமியும் அப்படித்தானாம். தேசிக்காய்க்குப் புளிப்பைக் கொடுக்கிற புரோத்தன் என்ற துகளை அது வெளியே இறைக்குமாம். தின்றதில் ஒரு பங்கு அந்த வேலைக்கே செலவாம். வெளியே கூடிப்போன புரோத்தன் உள்ளே வரத் தவிக்கும். கிருமியின் தோலில் அதற்கொரு வாசல். நுழையும்போது சீனியையும் கூட்டிக்கொண்டு வரும், உள்ளே ஏற்கெனவே சீனி நிறைந்திருந்தாலும்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க காலைக் குடுத்துட்டு உயிரோட இருக்கலாமே மாஸ்டர்."

நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். "தொண்ணூறுல முஸ்லிம் ஆக்களை எல்லாம் மன்னார்ல இருந்து துரத்தினப்போ கல்பிட்டிக் கரையில இந்தக் காலாலதான் இறங்கினன் நானா. ஊருக்குத் திரும்பி நடக்கிறதும் இதாலதான்."

கடைசியில் காலை எடுக்கச் சம்மதித்துத் தலையாட்டினீர்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. ஜனாஸாவை இங்கே, எங்கள் கனமூலையில்தான் அடக்கினோம், மன்னாரில் அல்ல.

நான் பிறந்த ஊரிலேயே கிழவனானவன். காலைக் கொடுங்கள் என்று சொல்வது எனக்கு இலேசாக இருந்தது. இப்போது விளங்குகிறது. ஆனாலும் கோபம் ஆறவில்லை மாஸ்டர். ஊர் அங்கேயேதான் இருக்கிறது.

பலகையில் கை வைத்ததும், உங்கள் காலுக்குள்ளும் இப்படித்தானே பாய்ந்தது என்று கை நின்றுவிடுகிறது. குஞ்சுகள் வெளியே காத்திருக்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் தூக்குகிறேன்.