வெயிலில் நின்ற மாமனார்

ஜூன் 3, செவ்வாய்

பேத்தி பிறந்ததிலிருந்து தெருவில் என் நடமாட்டம் அதிகமாகிவிட்டது. மருமகள் பால் கொடுக்கக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். அறையில் காற்று வராது; அவளுக்குக் கூடம்தான் வசதி. ஆம்பளை, அதுவும் மாமனார், அங்கே எதற்கு?

எதிர்ப்பக்கத் தையல்காரர் இன்று கேட்டேவிட்டார்: "என்ன சார், யாருக்காவது காத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்ன சொல்ல? வீட்டுக்குப் புதிதாக வந்த குட்டி முதலாளியம்மாவின் சாப்பாடு முடியட்டும் என்று நிற்கிறேன் என்றா? கண்டக்டர் வேலையில்கூட இப்படிக் கால் கடுத்ததில்லை.

ஜூன் 5, வியாழன்

அக்கா வந்தாள், பால் பவுடர் டப்பாவோடு. குழந்தையைத் தூக்கிப் பார்த்தவள், "என்னடா இது, பஞ்சு மாதிரி கனமே இல்லாம இருக்காளே! தாய்ப்பால் பத்தலை. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க ஊறுது!" என்றாள்.

மருமகள் முகம் சுண்டிப்போயிற்று. நான்? அக்காவுக்கு எதிராக வாய் திறந்து பழக்கமில்லை. இன்றும் திறக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

டப்பாவை அலமாரியில் உயரத்தில் வைத்தேன். குழந்தை அழும்போதெல்லாம் மருமகளின் கண் அங்கேதான் போகிறது.

ஜூன் 9, திங்கள்

கிளினிக். மகனுக்கு அச்சகத்தில் லீவு இல்லை. சம்பந்தியம்மா கால் முறிந்து படுக்கையில். துணைக்கு நான்.

குழந்தைக்கு எடை ஏறவில்லை. பால் கொடுப்பதைப் பார்க்க நர்சம்மா மருமகளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். நான் இந்தப் பக்கம். என் காது மட்டும் அந்தப் பக்கம்.

"நல்லாத்தான் பிடிக்கிறா. பாலும் இருக்கு. ஏம்மா பாதியிலயே எடுக்கறீங்க?"

"வீட்ல பெரியவர் வெயில்ல நிக்கிறார் சிஸ்டர். அவருக்குப் பிடிக்கல போல. முடிச்சாத்தான் உள்ள வருவார்..."

பெரியவரா, யாரது? — ஐயோ, நான்தான்!

"பசிக்கறப்பல்லாம் குடுங்க, அவளா விடற வரைக்கும். அடுத்த வாரம் பாப்போம். அப்பவும் ஏறலைன்னா டாக்டர் வேற ஏதாவது யோசிக்கணும்."

அட மடையா! மரியாதை என்று நினைத்துப் பேத்தியின் வயிற்றில் அடித்திருக்கிறேனே. பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தவன் நான். குழந்தை பால் குடிக்குது, மெதுவாப் போங்கண்ணே என்று டிரைவரிடம் சொன்னவன். அப்போதெல்லாம் இறங்கி ரோட்டிலா நின்றேன்? வண்டிக்குள்தானே இருந்தேன்!

ஜூன் 10, செவ்வாய்

தொண்டையைச் செருமிச் செருமி ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்: "எனக்குப் பிடிக்காம இல்லம்மா. உனக்குக் கூச்சமா இருக்கும்னுதான் வெளிய போனேன்."

"உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னுதான் மாமா நான் அவசர அவசரமா எழுந்தேன்."

சிரித்துவிட்டோம். முதலாளியம்மா சிரிக்கவில்லை. பட்டினி கிடந்தது அவள்தானே.

என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். நடுநடுவே, "தண்ணி வேணுமாம்மா?" என்றேன். மறுபடியும் கேட்டேன். மறுபடியும்.

"மாமா, நான் என்ன ஒட்டகமா?"

ஜூன் 12, வியாழன்

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது மகன் பொறுப்பு. ஏப்பம் வந்தால் பரீட்சையில் பாஸானவன்போல் துள்ளுகிறான். சட்டை முழுக்கப் பால்.

ஜூன் 14, சனி

அக்கா மறுபடி வந்தாள். டப்பா பிரிக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டாள். "பச்சப்புள்ள அழுவுது. உங்களுக்குப் பிடிவாதமா முக்கியம்?"

குழந்தையை எடுக்கப் போன மருமகள் நின்றுவிட்டாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பால் இருக்குன்னு நர்சம்மாவே பாத்துச் சொல்லிட்டாங்க. டப்பா வேணும்னா டாக்டர் சொல்லட்டும். பத்தலை பத்தலைன்னு இனிமே இந்த வீட்ல யாரும் பேசக்கூடாது. நீ இப்படி உக்காரு." மருமகள் பக்கம் திரும்பினேன். "நீ குடும்மா."

"உனக்கு வாய் முளைச்சிருச்சாடா?"

"இப்பத்தான்."

அக்கா முறைத்தாள். குழந்தை குடிக்கக் குடிக்க, கோபமெல்லாம் எங்கேயோ போயிற்று. "என் மாமியார் பத்தலைன்னு சொல்லிச் சொல்லியே, பெரியவனுக்கு நான் சீக்கிரமா நிறுத்திட்டேன். அப்ப எனக்காக ஒருத்தரும் வாயத் திறக்கலடா," என்றாள்.

மருமகள் மெல்ல, "உங்களுக்கும் பால் இருந்திருக்கும் பெரியம்மா," என்றாள்.

அக்கா பாத்திரங்களையெல்லாம் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஜூன் 16, திங்கள்

எடை ஏறிவிட்டது! கொஞ்சம்தான். ஆனால் ஏறிவிட்டது. கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் மருமகள், "பசிக்குது மாமா," என்றாள். இந்த வீட்டில் இன்னொரு வயிறும் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜூலை 2, புதன்

என் நீலச் சட்டையைக் குழந்தைத் துணிகளோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டேன். அத்தனையும் நீலம். பால் கொடுத்துக்கொண்டே மருமகள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். நைசாக அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க மாமா. நான் இன்னும் முடிக்கல."

உட்கார்ந்தேன். அவ்வளவு திட்டுக்கும் நடுவில் முதலாளியம்மா ஒரு தரம்கூட வாயை எடுக்கவில்லை.