பறவை யார் தோளில் இருக்கும்?

ரொறன்ரோ,
12.02.2000

அன்பு மச்சாள் ஆன்சலாவுக்கு,

நீ, மாமி, தங்கை ஜெசிந்தா எல்லோரும் சுகமா? மாமா கடலோடு போனபின் வந்த நத்தார்ப் பண்டிகையை எப்படிக் கொண்டாடினீர்களோ என்று அம்மா கவலைப்பட்டார்.

முந்தி ஊரில் எங்கள் வீட்டு வீடியோ டெக்கில் ஒரு தீவுக் காட்டூன் பார்த்தோமே, அதன் மிச்சம் இங்கே ரீவியில் போகிறது. அரசர் செத்தால் ஊரே கடற்கரையில் நிற்கும். வெள்ளைப் பறவை வந்து யார் தோளில் இருக்கிறதோ, அவர்தான் அடுத்த அரசர். பறவை எப்படி ஆளைத் தெரிந்தெடுக்கிறது என்று கதையில் சொல்லவே இல்லை. நூலகத்துக் கொம்பியூட்டரில் பார்த்தால், எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள். அரச இரத்தம் உள்ளவரிடம்தான் போகுமென்று ஒரு கட்சி. பயமில்லாதவரிடம் போகுமென்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. நீ?

உன் மச்சாள்,
ரூபினி


நாயாறு,
30.04.2000

அன்பு ரூபினிக்கு,

கடிதம் எங்கெல்லாமோ சுற்றி வந்து சேர்ந்தது. ஜெசிந்தா அரச இரத்தக் கட்சி. தான் இளவரசி என்ற நினைப்பு அவளுக்கு! உன் கட்சியும் எனக்குச் சரியாகப் படவில்லை. அரசரானவர் கோபுரத்துக்குள் போனால் பிறகு வீட்டுக்கு வருவதேயில்லை, கவனித்தாயா? யார்தான் அதற்கு ஆசைப்படுவார்கள்? தன் வீட்டில் இன்னொருவரை மறைத்துக்கொண்டு முன்னுக்கு நிற்கிறவர் தோளில்தான் பறவை இருக்கிறது. இது என் கட்சி.

போன கிழமை கோயில் வளவில் இயக்கம் கூட்டம் வைத்தது. வீட்டுக்கு ஓராள் போராட வரவேண்டுமாம். அம்மா எழும்பி, "மனிசனைக் கடலில குடுத்திட்டன். மிச்சம் ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்" என்றார். "பொம்பிளைப் பிள்ளையளும்தானே வருகினம்" என்று சொல்லிவிட்டார்கள். ஜெசிந்தா நல்லாய் உயர்ந்துவிட்டாள். பார்க்கிறவர்கள் அவளைத்தான் அக்கா என்கிறார்கள்.

அன்புடன்,
ஆன்சலா


ரொறன்ரோ,
20.06.2000

ஆன்சலா,

உன் கருத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொம்பியூட்டரில் போட்டேன். "இவ்வளவு துக்கமாய் யோசித்தது யார்?" என்று ஒருத்தி கேட்டாள். என் மச்சாள் என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு உன் கடிதத்தை அம்மா வாசித்துவிட்டு அழுதார். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

நீ ஒன்றும் செய்துவிடாதே. உங்களை வவுனியாவுக்கு எடுக்க, இயக்கம் வெளியே விடத் தருகிற பாஸுக்கு அப்பா ஆள் பார்க்கிறார். உடனே பதில் போடு.

ரூபினி


நாயாறு,
02.10.2000

அன்பு மருமகள் ரூபினிக்கு,

உன் கடிதம் வந்தபோது ஆன்சலா வீட்டில் இல்லை. ஆவணியில் வந்தவர்கள் ஜெசிந்தாவைத்தான் கேட்டார்கள். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆன்சலா கையைக் கழுவிவிட்டு வந்து, "அவள் சின்னப்பிள்ளை. நான் வாறன்" என்றாள். நான் படலையடியில் நின்றேன். அவள் என்னைக் கடந்து போனாள்.

ஒருமுறை வந்து போனாள். உன் கடிதத்தை நின்றபடியே வாசித்துச் சிரித்தாள். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனவள்தான், அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. பாஸ் அலுவலை இப்போதைக்கு விடச் சொல் பிள்ளை. அவள் வராமல் நான் எங்கே வருவது?

"அக்காவை ஏன் மறிக்கேல்லை?" என்று ஜெசிந்தா கேட்டாள். "உன்னை நினைச்சுத்தான்" என்று என் வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் போட்டு வைத்தால், நான் வெளியே போனபிறகுதான் சாப்பிடுகிறாள்.

நீ அவளுக்கு ஒரு கடிதம் போடு. உனக்காவது பதில் எழுதுவாள்.

மாமி,
சுசிலா