நீ மாட்டிய மோட்டாரும் பன்னீரின் பிசுபிசுப்பும்

என் செல்லத் தம்பி கோபிக்கு,

வேலப்பன்சாவடி பக்கம் அந்த லாரி உன்னை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. நான் இன்னும் நம்முடைய அம்பத்தூர் பால் ஃபேக்டரியில்தான் இருக்கிறேன். அதே கம்பூட்ஸ், அதே பன்னீர் அறை, அதே கழுவுகிற வேலை. கழுவுகிற வேலையில் புதுசாகச் சொல்ல என்ன இருக்கும் என்கிறாயா? இருக்கிறது, கேள்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் நம் பன்னீர் கடைகளிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தது. தேதி முடியவில்லை, அதற்குள் பாக்கெட்டுக்குள்ளே பிசுபிசுப்பு, ஈரத்துணி மாதிரி ஒரு நாற்றம். லேபில் நித்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். நீ போன பிறகு சேர்ந்தவள், ஆவடியிலிருந்து வருகிறாள். நாங்கள் மிஷினைக் கழுவி முடித்ததும் அவள் பஞ்சுக் குச்சியால் கத்தி, மேசை, தொட்டி எல்லாவற்றையும் தடவி எடுத்துப் போய்ச் சோதிப்பாள். எல்லாம் சுத்தம். மறுநாள் காலையில் வேலை தொடங்கும் முன் தடவினால் அதே மேசையில் கிருமி.

யோசித்துப் பார். சாயங்காலம் சுத்தமாக இருந்த மேசை, ஆளே இல்லாத பூட்டிய அறையில், விடிவதற்குள் எப்படி அழுக்காகும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் பாதி, அது என்னதான் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு பாதி.

மேனேஜர் பொறுமை இழந்துவிட்டார். "இதுக்கு மேல முடியாது. கண்டுபிடிக்கலன்னா பன்னீர் செக்‌ஷனையே மூடிடுவேன்" என்றார். மூடினால் அந்த அறையில் இருக்கிற பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என்னோடு கழுவுகிற ஜெயா, "நல்லா பீச்சி அடி, எல்லாம் போய்டும்" என்று நீ மாட்டிய பிரஷர் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினாள். நானும் ஓட்டினேன். கிருமி கூடியதே தவிரக் குறையவில்லை. கழுவக் கழுவ அழுக்கு ஏறுமா? நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

ஒரு நாள் மிஷின் வேலை முடிந்து, நித்யாவும் தடவி எடுத்துவிட்டாள். பொங்கல் சுத்தத்திலிருந்து பழக்கமாகிவிட்டபடி, கடைசியாகத் தரையில் இருக்கிற சாக்கடைக் கம்பி மூடியின் மேலும் ஜெயா மோட்டாரால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் ஏதோ மெல்ல மேலே ஏறிப் போவதைப் பார்த்தேன்.

"நித்யா, இங்க வாயேன். இது இன்னா பறக்குது?"

"ஆவிக்கா."

"பச்சத் தண்ணியாச்சே இது. ஆவி எப்டி வரும்?"

அவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். புகை மாதிரி இருந்த அந்தப் பொடித் துளிகள் ஆடி ஆடிப் போய், நாங்கள் சற்றுமுன் துடைத்த மேசை மேலேயே இறங்கின.

மறுநாள் ஜெயா சாக்கடையில் தண்ணீர் அடிக்கும்போது, கிருமி வளர்க்கிற சின்னத் தட்டுகளை நித்யா மேசையில் திறந்து வைத்தாள். பக்கத்து அறையிலும் வைத்தாள். அவற்றை லேபில் கதகதப்பான பெட்டிக்குள் வைத்துக் காத்திருந்தோம். பக்கத்து அறைத் தட்டில் ஒன்றும் இல்லை. மேசைத் தட்டு முழுக்க மஞ்சளாகப் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. சாக்கடையில் இருந்தது காற்றில் ஏறி வந்திருக்கிறது, கோபி! நாங்கள் எத்தனை வேகமாக அடித்தோமோ அத்தனை உயரம் ஏறியிருக்கிறது.

சந்தோஷப்பட்ட அதே நொடியில் என் கண் மோட்டார் பக்கம் போனது. பக்கெட் தூக்கி என் இடுப்பு போகிறது என்று மேனேஜரிடம் மல்லுக்கட்டி நீ வாங்க வைத்த மோட்டார் அல்லவா அது? நான் பயந்தபடியே அவர் கேட்டார்: "அத மாட்டுனது கோபிதான? மொதல்ல கழட்டிப் போடுங்க."

ஜெயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்துப்போன புள்ள மேல ஏன் சார் பழிய போட்றீங்கோ? தண்ணி அட்ச்சது நாங்க."

"ஒரே ஒரு வாட்டி வேற மாதிரி கழுவிப் பாக்குறோம் சார். அப்பயும் வந்துச்சின்னா நானே கழட்டிக் குடுக்குறேன்" என்றேன்.

முதலில் சாக்கடையை அதற்கென்று தனியாக வைத்த பிரஷால் தேய்த்து, மெதுவாகத் தண்ணீர் ஊற்றினோம். மிஷினையும் மேசையையும் அதற்குப் பிறகுதான் தொட்டோம். மோட்டார் வேகத்தைக் குறைக்க வழி உண்டா என்று குனிந்து பார்த்தால், குழாய்க்கு அடியில் ஒரு சின்னத் திருகு. யாரும் தொட்டதே இல்லை, துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் திருப்பினேன், தண்ணீர் சாதுவாகிவிட்டது. அதை எதற்கு வைத்தாய், கோபி? இப்படி ஆகும் என்று உனக்கு முன்பே தோன்றியதா? இல்லை, கையில் கிடந்த சாமானை மாட்டிவிட்டாயா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

மறுநாள் காலையில் தடவியதில் மேசை சுத்தம். அடுத்த நாளும் சுத்தம். பன்னீர் திரும்பி வருவது நின்றுவிட்டது, அறை ஓடுகிறது. மேனேஜர் மோட்டாரைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஜெயா மட்டும் இன்னும் அவரை முறைக்கிறாள்.

போன வாரம் நித்யா அந்த மஞ்சள் புள்ளியை மைக்ரோஸ்கோப் கண்ணாடி வழியாகக் காட்டினாள். குட்டிக் குட்டிக் குச்சிகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நீந்துகின்றன. வெறும் அழுக்கு என்று இத்தனை வருஷம் நான் தேய்த்தது உயிருள்ள ஒன்று. அதற்குப் பசிக்குமா? வழுக்குகிற கம்பியில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? நான் கேட்டுக்கொண்டே இருக்க, "அக்கா, எனக்கே தெரியாது, படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று சிரித்தாள்.

சரி, படித்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அவள் சொல்லும்வரை நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். இனிமேல் அந்த அறையில் எதுவும் புரியவில்லை என்றால், பயந்து அடித்துக் கழுவ மாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று முதலில் பார்ப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கொரட்டூர் ஏரிக்கரையில் நடந்த
உன் அக்கா,
தேவகி