வளைவில்லாத மூலை

செவ்வாய்க்கிழமை.

எங்கள் பட்டறையில் முதலாளியின் மச்சான் இன்று ஒரு கம்பெனி பஸ்ஸின் இன்ஜின் தண்டை, அதான் கிராங்க்ஷாஃப்டை, கிரைண்டிங் செய்தான். கிரைண்டிங் கல்லின் ஓரத்தை உருட்டிச் சீவ அந்தத் துரைக்குச் சோம்பல். தண்டின் மூலைகளில் வளைவே இல்லாமல் நறுக்கென்று வெட்டி வைத்திருக்கிறான். தண்டு அங்கேதான் உடையும்.

பஸ்காரர் விரலால் தடவிப் பார்த்தார். “இன்னாமா மின்னுது” என்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டார். மூஞ்சி தெரிய வேண்டுமென்றால் கண்ணாடி வாங்கியிருக்கலாம்.

முதலாளியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். “ஒடஞ்சா எங்க போவான்? நம்மகிட்டதான் வருவான்” என்றார். பஸ் நிறையப் பெண்கள் ஒரகடம் ஃபேக்டரிக்கு ஷிப்டு போகிறார்கள். நடுரோட்டில் இன்ஜின் சிதறினால் இந்த ஆளா போய் நிற்பார்? காறித் துப்பக்கூட லாயக்கில்லாத கூட்டம்.

அந்தத் தண்டுக்கு எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் சுற்றி, “பத்திரமா எடுத்துகினு போங்கண்ணே” என்று ஏற்றிவிட்டவன் நான்.