களம்பூர்க்காரரின் நெஞ்சுவலி

வியாழன் இரவு

இன்று காலை நெஞ்சுவலி என்று களம்பூரிலிருந்து அழைப்பு. ஆம்புலன்ஸோடு போனால், அந்த ஆள் சலவைச் சட்டையும் பையுமாக வாசலில் நிற்கிறார். நாடி, பி.பி. எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் வலி என்பவரை எப்படி விட்டு வருவது? ஏற்றிக்கொண்டேன்.

பாதி வழியில் படவேட்டிலிருந்து இன்னொரு அழைப்பு. ஒரு பெண்ணுக்குப் பாம்புக்கடி. எங்களால் போக முடியவில்லை. வேறு ஊர் வண்டி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

ஆரணி பஸ் ஸ்டாண்டு வந்ததும், "வலி நின்னுபோச்சும்மா. இங்கயே எறக்கி வுடுங்க. கல்யாணப் பட்டு எடுக்க வூட்டுக்காரங்க கடையில காத்துகினு இருக்காங்க" என்றார்.

"இது என்ன பஸ்ஸுங்களா?"

"எல்லாருக்கும் பொதுதானேம்மா."

சாயங்காலம் விசாரித்தேன். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், கால்தான் மோசமாக வீங்கியிருக்கிறதாம். அந்த ஆளிடம் பாம்புக்கடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், சிகிச்சை வேண்டாம் என்று கையெழுத்து வாங்கி, கதவையும் திறந்துவிட்டேனே. அதுதான் ஆறவில்லை.